ஓலை தந்த வீட்டாருக்கும் படிக்கச் சொல்லித் தந்தவருக்கும்

திருநெல்வேலிச் சீமையின் 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரையிலான வரலாற்றைப் பற்றி எங்கள் துறை நடத்திய கருத்தரங்கும் ஓலைச்சுவடிப் பயிற்சியும் நல்லபடியாக முடிந்தன. ஆய்வு மாணவர்கள் எல்லார் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சேரன்மகாதேவிப் பக்கத்துக் கணக்குப்பிள்ளை வீட்டு ஆச்சிக்கு. முன்பின் தெரியாத எங்களை நம்பிப் பரணிலிருந்த ஓலைக்கட்டுகளை இறக்கிக் கொடுத்தார்கள். வயல் ஒற்றி, குளத்து மராமத்து, கால்வாயில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று ஊர் நடப்பு முழுக்க அதில் இருக்கிறது. பூலித்தேவர் கும்பினியாரை (கிழக்கிந்தியக் கம்பெனியாரை) எதிர்த்து நின்ற 1755-ம், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799-ம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் குளத்துக்கரையை யார் கட்டினார்கள், விதைநெல்லை யார் கடன் கொடுத்தார்கள்? அதைச் சொல்ல இந்த ஓலைகளை விட்டால் வேறு சாட்சி அதிகம் இல்லை. பாளையக்காரர் சண்டைகளுக்கு நடுவிலும் ஒரு குடியானவர் ஒற்றி வைத்த நிலத்தை மீட்டிருக்கிறார் என்று படித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் ஓலை கையில் இருந்தால் மட்டும் போதாதே. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது; எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஓலையில் வரும் பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. ஓலைகளில் வருஷம் குறிக்கும் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அதோடு 824 கூட்டினால் ஆங்கில வருஷம். ஜனவரி பிறந்துவிட்டால் 825. கட்டபொம்மன் மறைந்தது கொல்லம் 975 என்று பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுச் சொன்னதும் ஐயா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! ஐயா, உங்கள் உழைப்புக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

அப்புறம் புன்னைக்காயல் மக்கள். போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் பணி செய்த ஊர் அது. கிறிஸ்தவப் புனிதர்களைப் பற்றிய அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586-இல் தமிழ் எழுத்திலேயே அச்சானது. தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரம் வரை எங்களைக் கூட்டிப்போய், முத்துக்குளித்தல் பற்றித் தங்கள் தாத்தாமார் சொன்னதையெல்லாம் மீனவப் பெரியவர்கள் சொன்னார்கள். சாப்பிடாமல் விடவும் இல்லை.

வண்டி ஓட்டிய அண்ணன், விடுதிச் சமையல்காரர்கள், ராத்திரி வரை அறையைத் திறந்து வைத்த நூலகப் பணியாளர்கள், எல்லாருக்கும் நன்றி.

ஆச்சி, உங்கள் ஓலைகளைப் படம் எடுத்து, புல்தைலம் தடவி, புதுத்துணியில் கட்டி வைத்திருக்கிறோம். தைப்பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். படித்து எழுதியதன் பிரதி ஒன்றும் கூடவே வரும். களக்காடு பக்கம் ஓலை இருப்பதாகச் சொல்லிவிட்ட அண்ணாச்சிமாருக்கும் இப்போதே நன்றி. அறுவடை முடிந்ததும் வருகிறோம்.