நாய் குறுக்கே வந்தது

பொன்மலை, திருச்சி
11 ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும், பின்கட்டில் வாழை குலை தள்ளியிருப்பதைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று வாரமாக என் நினைவெல்லாம் உன் காரின் இடப்பக்க முன்சக்கரத்திலேயே நிற்பதால், மற்றவற்றை அம்மாவே போனில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் பாப்பாதான் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, சக்கரத்தின் விளிம்பு சிராய்த்திருப்பதையும் அதற்கு மேலே பம்பர் பிளந்து நிற்பதையும் எனக்குக் காட்டினாள். சனிக்கிழமை காலை நீச்சல் வகுப்புக்குப் போகும் வழியில் நரி ஒன்று குறுக்கே வந்ததாம், அப்பா அதைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தாராம், நரி பிழைத்துக்கொண்டதாம். அவளுக்கு அதில் ஒரே பெருமை. நீ போனை வாங்கி, "சின்னக் கீறல்தான்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். அதன் பிறகு இன்றோடு மூன்று ஞாயிறு ஆகிறது, உன் அழைப்பு வரவில்லை.

நீங்கள் இருக்கும் கிளாஸ்கோவில் நரி உண்டு என்பது எனக்குத் தெரியும். 2024-இல் வந்திருந்தபோது குப்பைத் தொட்டியோரம் நானே பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை இரவு உன் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து என்றும், நீ வீடு திரும்ப இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது என்றும் மருமகள் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னதை இதோடு முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. அந்தப் பெண்ணை எதுவும் கேட்காதே. அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது வேறு. அந்தக் கோடையில் உங்கள் சாப்பாட்டு மேசையில் நாம் பாதியில் விட்ட வாக்குவாதத்தை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். இங்கிலாந்தில் நூறு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் வரை இருக்கலாம் என்று 1967-இல் வந்த சட்டமே போதுமானது என்றும், ஸ்காட்லாந்துக்காரர்கள் 2014 டிசம்பரில் அதை 50 ஆகக் குறைத்தது வெறும் வீம்பு என்றும் நீ சொன்னாய். சொன்னதோடு நிற்காமல், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தாரே ஆராய்ந்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையைத் திறந்து, எல்லையைக் குறைத்த பிறகும் விபத்துகள் குறையவில்லை என்பதை எனக்கு வாசித்துக் காட்டினாய். என் மகன் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டான் என்று அன்றிரவு அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் அதே கட்டுரையில், சட்டம் மாறியதே தவிர அதை நடைமுறைப்படுத்தும் சோதனை போதுமான அளவு கூடாததுதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்ததை நீ வாசிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அக்கா மகனை விட்டு அதை எடுக்கச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எல்லையைக் குறைத்தால் மட்டும் பயனில்லை என்பதை ரயில்வேக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணிக்கு வருவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் குடிக்கக் கூடாது என்று எங்கள் பொது விதிகளில் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. அதை எத்தனை பேர் தடையாகப் படிக்காமல் அனுமதியாகப் படித்தார்கள் என்பதை நான் பார்த்தவன். எட்டு மணி நேரத்துக்கு முன்பு கிளாஸைக் கீழே வைத்துவிட்டால் போதும், அதற்கு முன் எவ்வளவு உள்ளே போயிற்று என்பது கணக்கில் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு எஞ்சின் டிரைவர்கள் பணியேற்கும் லாபியில் சைன் ஆன் செய்யும்போதும், வண்டியை விட்டு இறங்கி சைன் ஆஃப் செய்யும்போதும் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும் என்று வந்த பிறகுதான் ஆட்கள் முந்தைய இரவிலேயே கணக்குப் போடத் தொடங்கினார்கள். விதி பழையதுதான், ஊதுவதுதான் புதிது.

அந்தக் கணக்கை உனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், நீ பொறியாளன், பிழை இருந்தால் திருத்து. ஒருவன் இரவு இரண்டு மணிக்குக் கடைசிக் கிளாஸை முடிக்கும்போது அவன் இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் அதைக் கழிக்கும். தூங்கினாலும், குளிர்ந்த நீரில் குளித்தாலும், இரண்டு டம்ளர் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. காலை எட்டு மணிக்கு அவன் உடம்பில் இன்னும் 60 மிச்சமிருக்கிறது. அவன் இங்கிலாந்துப் பக்கம் கார்லைலில் வண்டி எடுத்தால் சட்டப்படி யோக்கியன். நாட்டு எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னாவுக்குள் நுழைந்தால் குறைந்தது ஓராண்டு உரிமம் பறிபோகும் குற்றவாளி. அவனே திருச்சியில் இருந்திருந்தால் நம் நாட்டுச் சட்டத்தின் 30 என்ற எல்லையைப்போல இரண்டு மடங்கு. மணிக்குப் பத்து மட்டுமே கழிக்கும் கல்லீரலாக இருந்தால் அதே எட்டு மணிக்கு 90 நிற்கும், அப்போது எந்த ஊரிலும் தப்ப முடியாது. ஆனால் இவர்கள் எல்லோருமே நன்றாகத் தூங்கி எழுந்து, பல் துலக்கி, தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு சாவியை எடுப்பவர்கள். இரவில் தள்ளாடுகிறவனுக்குத் தான் குடித்திருக்கிறோம் என்பதாவது தெரியும்.

எல்லை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அன்று நீ என்னைக் கேட்டாய். நான் பூஜ்யம் என்று சொன்னதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கேரளத்தில் சென்ற ஆண்டு அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் பலாச்சுளை தின்றுவிட்டு ஊதியதற்கே கருவி குடித்ததாகக் காட்டியது என்று செய்தியில் வந்தது. பலாப்பழத்துக்காக ஒருவனைத் தண்டிப்பது நியாயமில்லை. சுவீடனைப்போல 20 என்று வைத்தால் கருவிக்கும் பலாச்சுளைக்கும் இடம் விட்டதுபோலவும் இருக்கும், குடித்தவனுக்கு இடம் விடாததுபோலவும் இருக்கும். அயர்லாந்தில் பொதுவாக 50 என்றும், பேருந்து, லாரி ஓட்டுகிறவர்களுக்கும் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் 20 என்றும் வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரை ஏற்றிச் செல்பவனுக்கு 20, பெற்ற பிள்ளையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போகிறவனுக்கு 50 என்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நம்மூரில் இரவு பத்து மணிக்கு மேல் பாலத்தடியில் தடுப்பு வைத்து ஊதச் சொல்கிறார்கள், பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம். காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் வண்டிகளை யாரும் மறிப்பதில்லை. உங்கள் ஊரிலும் ஒருவன் மேல் சந்தேகம் வந்தாலோ, அவன் விதி மீறினாலோ, விபத்து நடந்தாலோதான் ஊதச் சொல்ல முடியும் என்று நீயே சொன்னாய். அதாவது சக்கரம் கல்லில் உரசிய பிறகு.

ஆகவே, விருந்துக்குப் போகும் நாளில் மறுநாள் காலை வகுப்பு இருந்தால் பேருந்தில் போங்கள். பேருந்து இல்லையென்றால் டாக்சி. அதுவும் இல்லையென்றால் ஒருநாள் நீச்சல் போகாவிட்டால் குழந்தை முழுகிப்போக மாட்டாள். குடிக்காதே என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை என்பது உனக்கும் தெரியும். காலையில் பேருந்தில் போ என்றுதான் சொல்கிறேன். அந்த நாட்டு உரிமத் தேர்வில் முதல் முறையிலேயே நீ தேறியதை இந்தக் காலனியில் நான் சொல்லாத வீடு இல்லை. அந்த உரிமத்தைக் காலை எட்டு மணிக்கு ஒரு கிளாஸ் விஸ்கிக்கு விற்றுவிடாதே. பேருந்தில் போ.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுத நான் உட்கார்ந்ததன் காரணம் இதில் எங்குமே இல்லை.

அன்றைக்குப் பாப்பா நரியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் என்னிடம் ஒன்று கேட்டாள். "தாத்தா, அப்பா சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஸ்கூட்டருக்குக் குறுக்கே வந்த நாய் என்ன கலர்?" நீ உன் தாடைத் தழும்பைக் காட்டி அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. நான் யோசிக்காமல் "செவலை" என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாய்க்கு ஒரு நிறமும் கொடுத்துவிட்டேன்.

தம்பி, நாய் வரவில்லை. 1993-இல் அன்று எனக்கு ஓய்வு நாள். முந்தைய இரவு எங்கள் மூத்த டிரைவர் ஒருவரின் பணி ஓய்வு விருந்தில் ஒன்றரை மணி வரை ரம் குடித்துவிட்டு வந்து படுத்தேன். காலையில் எழுந்து குளித்து, திருநீறு பூசி, நான்கு இட்லி தின்று, காபியும் குடித்தேன். தலை கொஞ்சம் கனத்ததே தவிர எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆறு வயதுப் பிள்ளையான உன்னைச் சேத்தக் ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து, பள்ளிக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். ஆர்மரி கேட் பக்கம் சாலையோரத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் எனக்குத் தெரிந்தது, தூரத்திலேயே தெரிந்தது. கண்டது வேறு, கை திரும்பியது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி என்னிடமிருந்து எங்கேயோ போய்விட்டது. நீ ஹேண்டில் பாரில் தாடை அடித்து விழுந்தாய். உன் வெள்ளைச் சட்டையின் முதல் இரண்டு பொத்தான்களும் இரத்தத்தில் காணாமல் போயிருந்தன. நான்கு தையல். அம்மா ஓடி வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, "நாய் குறுக்கே வந்தது" என்ற சொல், முன்பே செய்து வைத்ததுபோல என் வாயிலிருந்து வந்தது. நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். கொஞ்ச நாளில் நீயே அந்த நாயைப் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தாய், நான் திருத்தவில்லை. அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் தெருநாயைக் கண்டால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் எனக்கு விரைவு வண்டி. அதற்காக முந்தைய நாள் மாலை முதல் ஒரு சொட்டும் தொடவில்லை. பணிக்காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன், ஊதும் கருவி வந்த பிறகும் ஒருமுறைகூடக் குறை வந்ததில்லை, அதைச் சொல்லிச் சொல்லி உங்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தபோது அந்த ஒழுங்கு இருந்தது. முன்னால் நீ நின்றுகொண்டிருந்த அன்று என்னை ஊதிக் காட்டச் சொல்ல ஆளில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அவளுக்கு இன்னும் அது நாய்தான். பொங்கல் கழிந்ததும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன், அவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். சக்கரத்தைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. நரியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பாப்பாவிடம் மட்டும், செவலை நாய் என்று ஒன்று இருக்கவே இல்லை என்று சொல்லிவிடு. எப்படிச் சொல்வதென்று உனக்குத் தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடு, நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா