பார்வோனுக்கு எச்சரிக்கை வந்தது, மண்டலேக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ்க் கட்டுரை ஒன்று 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தை, இஸ்ரயேல் அடிமைகளை விட மறுத்த எகிப்து மன்னன் பார்வோன்மேல் கடவுள் அனுப்பியதாக விவிலியம் சொல்லும் பத்து வாதைகளோடு சேர்த்து வைத்து, கடவுள் நம் நாட்டைத் தண்டித்துவிட்டார் என்று முடித்திருந்தது. ரங்கூனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கனான எனக்கு அது ஒப்பவில்லை.

விவிலியம் அந்த வாதைகளைத் திரும்பத் திரும்ப 'அடையாளங்கள்' என்றே சொல்கிறது. அடையாளம் என்றால் பார்க்கிறவனுக்கு ஏதாவது புரிய வேண்டும். கல்மழையையே பாருங்கள். நாளை இந்நேரம் விழும், ஆட்களையும் மாடுகளையும் உள்ளே சேர்த்துவிடுங்கள் என்று அடிமைகளின் தலைவர் மோசே முதலிலேயே சொல்லிவிடுகிறார். பார்வோனின் அலுவலர்களிலேயே பயந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், தப்பித்தார்கள். தண்ணீரை இரத்தமாக்குவதையும் தவளைகளையும் எகிப்து மந்திரவாதிகளும் செய்து காட்டினார்கள். மூன்றாவதில் (கொசுவோ பேனோ, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும்) கைவிட்டு, 'இது கடவுளின் விரல்' என்றார்கள். லூக்கா நற்செய்தியில் இயேசு பேய் ஓட்டுவதும் அதே விரலால்தான். தூய ஆவியின் அடையாளங்களில் ஒன்றாகத் திருச்சபையின் மறைக்கல்வியும் அதைச் சொல்கிறது. அடிமைகளை விடுவிக்க நீண்ட விரல் அது. இந்தக் கதை வரும் விவிலிய நூலை நாம் 'விடுதலைப் பயணம்' என்று அழைப்பது சும்மா இல்லை.

நம் விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் என்ற நூல், 11ஆம் அதிகாரத்திலிருந்து இதே கதையை மறுபடி சொல்கிறது. கடவுள் நினைத்திருந்தால் கரடிகளையும் சிங்கங்களையும் ஏவியிருக்கலாமாம். எல்லாம் வல்லவர் என்பதாலேயே எல்லார்மீதும் இரங்குகிறார் என்கிறது அந்நூல். கடைசி வாதையான எகிப்தின் தலைப்பிள்ளைகளின் சாவு எனக்கு இன்றும் நெருடல்தான், அதை மறைக்கவில்லை.

சரி, நிலநடுக்கம் தாக்கிய மண்டலேயிலும் சகாயிங்கிலும் எந்த மோசே வந்து முன்கூட்டிச் சொன்னார்? அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ரம்ஜான் மாதமும்கூட. ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன, புத்த மடங்களில் பிக்குகள் புதைந்தார்கள். இவர்களில் யார் பார்வோன்?

கட்டுரையாளர் கத்தோலிக்கராக இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். நிலநடுக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 23 ஞாயிறு பூசையில், எந்த நற்செய்தி வாசித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த பகுதி. எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனம் மாறச் சொல்வது கேட்டுக்கொண்டிருந்தவர்களை, செத்தவர்களை அல்ல.

மண்டலேயில் என் சித்தி மகள் பல நாள் தெருவில் தார்ப்பாயின்கீழ் படுத்திருந்தாள். உங்கள் இதழை மாதாமாதம் அவளுக்கு அனுப்புவேன். இந்த மாதம் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், யாங்கோன்