மில்லுக்கு ஒரு ஜாவா மென்பொருள்

மன்னார்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடியப்போகிறது. வைக்கோல் கட்டும் மெஷின் ராத்திரியிலும் ஓடுகிறது.

மச்சானின் ரைஸ் மில்லுக்கு எடைக் கணக்கு மென்பொருளைத் தொடங்கிவிட்டேன். பிரவுசரிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டிருந்தாய். வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும்போது நெட் போனாலும் எடை போடுவது நிற்கக் கூடாது. எடைமேடைக் கருவி சீரியல் கேபிளில் அனுப்பும் எடையை ஜாவாவில் ஜெசீரியல்காம் என்ற நூலகத்தைக் கொண்டு நேரடியாகப் படிக்கலாம். எடைச் சீட்டு அங்கேயே, மில் கணினியில், எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் பதிவாகும். நெட் வந்ததும் சர்வருக்குப் போகும். அதனால்தான் டெஸ்க்டாப் மென்பொருள்.

ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே 21, நூலகங்களைச் சேர்த்துக் கட்டித் தரும் மேவன், திரைகளை அமைக்கும் ஜாவாஎஃப்எக்ஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். 2018இல் வந்த 11ஆம் பதிப்போடு ஜாவாஎஃப்எக்ஸ் ஆரக்கிள் ஜேடிகேயை விட்டுத் தனியாகப் போய்விட்டதால், மேவனின் அமைப்புக் கோப்பான பாம் கோப்பில் அதை நாமே சேர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு படிவம்கூட எழுதுவதற்கு முன்னால் இன்ஸ்டாலர் வந்துவிட வேண்டும். 2021இல், ஜேடிகே 16இல் முழுமையடைந்த, இன்ஸ்டாலர் தயாரிக்கும் ஜேபேக்கேஜ் கருவி ஜாவாவையும் சேர்த்தே கட்டித் தருகிறது. மில் கணினியில் தனியாக ஜாவா போட வேண்டாம். ஆனால் விண்டோஸுக்கான எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் கோப்பை விண்டோஸில்தான் கட்ட முடியும், விக்ஸ் கருவியும் வேண்டும். உன் லினக்ஸில் நடக்காது. முதலில் மென்பொருளின் வெறும் ஜன்னலை மட்டும் மில்லில் போட்டுப் பார்க்கலாம். குறுவை, தாளடி, பொன்னி என்ற எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா? எழுத்துரு இல்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழை நாமே உள்ளே வைத்து அனுப்பலாம். தரவுத்தளம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் சாதாரணப் பயனரால் அதில் எழுத முடியாது. அவருடைய சொந்த ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் கடைசி வாரத்தில் தெரியவந்தால் மச்சானிடம் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், கேபிளைப் படிப்பது தனி திரெட்டில், அதாவது திரை வேலைக்கு இணையாக ஓடும் தனி இழையில் நடக்கும். திரையில் எடையை மாற்றும் வேலை மட்டும் திரை இழைக்கு வேலையை அனுப்பும் பிளாட்ஃபார்ம் ரன்லேட்டர் வழியாகப் போகும். இல்லையென்றால் வண்டி மேடையில் நிற்க, ஜன்னல் உறைந்துபோகும்.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் செப்டம்பர் வாக்கில் குறுவை நெல் வரத் தொடங்கிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். சர்வர் பக்கம் உன் பொறுப்பு. ஒவ்வொரு சீட்டுக்கும் இங்கேயே ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத தனி அடையாள எண் போட்டு அனுப்புகிறேன். ஒரே சீட்டு இரண்டு தடவை வந்தாலும் ஒரே பதிவாக இருக்கும்படி எழுதிவிடு.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்