ஸ்டேடியத்தைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளை படிப்பாளியாக இருந்து விளையாட்டு ஆரவாரம் ஒத்துவராது என்றால், பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுச் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல் இளநிலைப் படிப்புக்கான) கல்லூரியாகப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்களும் போன வருஷம் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் நகரில். அமெரிக்க ஃபுட்பால் சீசனில் சனிக்கிழமை பால் வாங்கப் போனால்கூடக் கடையில் பாதிப் பேர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் சிவப்புச் சட்டையில்தான் நிற்பார்கள். என் மகனுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. அப்ளிகேஷனில் எழுத உதவுமே என்று நாலு வருஷம் அவனை நீச்சலுக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்தான், அந்த நாலு வருஷத்தில் குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து அவன் லத்தீன் இலக்கணம் படித்ததுதான் மிச்சம்.

சரி, கட்டுரை சொல்கிற மாதிரியான ஒரு சின்னக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். பெயர் வேண்டாம். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு மேசை முழுக்க லக்ராஸ் ஜாக்கெட், அடுத்த மேசை படகோட்டும் அணி, அதற்கடுத்தது ஹாக்கி. தட்டை எடுத்துக்கொண்டு நின்ற மகன், "அப்பா, இதில் நான் எங்கே போய் உட்காருவேன்?" என்று கேட்டான்.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் இடத்தில் முப்பது அணிகள் இருந்தால் மூன்றில் ஒருவர் ஏதோ ஓர் அணியில் இருப்பார். டிவிஷன் 3 கல்லூரிகள் (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடுபவை) விளையாட்டுக்கு உதவித்தொகை தருவதில்லை, உண்மைதான், ஆனால் அட்மிஷனில் கோச் சொல்லுக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ 1,07,601 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருந்தாலும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களில் அணிகளில் ஆடுகிறவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். இது ரகசியமும் இல்லை. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் ஆடுகிறார்கள் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் மத்திய கல்வித் துறைக்குத் தரும் கணக்கு இணையத்தில் இருக்கிறது. தரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்கிற நம்மவர்கள் (நானும்தான்) இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது சிகாகோ பல்கலைக்கழகம். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் அங்கே படித்தவர். நாலே வருஷம், 1939இல் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பால் அணியையே எடுத்துவிட்டார். ஆட்டமில்லாமல் கிடந்த அந்த ஸ்டேடியத்தின் பார்வையாளர் படிகளுக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு, தானே தொடர்ந்து நடக்கும் அணுத் தொடர்வினையை முதன்முதலாக நடத்திக் காட்டியது. இப்போது அந்த இடத்தில் நூலகம். பக்கத்தில் அதன் நினைவாக நிற்கும் வெண்கலச் சிலையை மகன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், கூப்பிட்டாலும் வரவில்லை. ஃபுட்பால் 1969இல் திரும்பி வந்துவிட்டது, ஆனால் இப்போது ஆடுவது டிவிஷன் 3 அளவில்தான்.

இன்னும் இருக்கின்றன. போர்ட்லண்டிலுள்ள ரீட் கல்லூரி என்சிஏஏவில் சேரவே இல்லை, அங்கே இளநிலை மாணவர்கள் அணு உலை இயக்குகிறார்கள். கால்டெக் என்னும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்று, 2011இல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. இதைப் படித்ததிலிருந்து அந்த அணிக்கு மட்டும் என் மகன் ரசிகன்.

பெரிய பல்கலைக்கழகத்தையும் நாங்கள் கழித்துவிடவில்லை. என் அண்ணன் மகள் ஆன் ஆர்பரில், அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மூன்று வருஷத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லையாம். மேட்ச் நாளில்தான் நூலகத்தில் ஜன்னலோர நாற்காலி கிடைக்கும் என்கிறாள். அடுத்த மாதம் அப்படி ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து மகனை அங்கே கூட்டிப்போகிறேன்.

ஓர் அப்பா,
கொலம்பஸ், ஒஹாயோ