ஐபாடுக்குள் ஒரு கச்சேரி

கும்பகோணம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தைப் பார்த்தோம்; அப்படியே உன் அம்மாவின் ஜாடை. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வழக்கம்போலத்தான். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. மாடி ஒழுகுகிறது. கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்கிறார். போன மாதமும் அதைத்தான் சொன்னார்.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். மருமகன் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த ஐபாட் கிளாசிக், அதாவது ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவி, உன் கைக்கு வந்திருக்கிறது. அதில் உன் கச்சேரிகளையும் பழைய படங்களையும் ஏற்றிக்கொண்டு டெல்லிக்கு ரயிலேற வேண்டும். கேபிளைச் செருகி, கணினியில் தெரிந்த டிரைவுக்குள் பாட்டுகளை இழுத்துப் போட்டாய். பிளேயரைத் திறந்தால் ஒன்றையும் காணோம். ஏன் என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் கருவியின் அமைப்பே அப்படி. டிரைவுக்குள் ‘ஐபாட் கன்ட்ரோல்’ என்று மறைத்து வைத்த ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் ‘மியூசிக்’. அதற்குள் எஃப்00, எஃப்01, எஃப்02 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டுகளெல்லாம் நாலெழுத்துப் பொய்ப் பெயர்களில் அங்கே சிதறிக் கிடக்கும். எந்தப் பெயருக்குள் எந்தப் பாட்டு என்பதை ‘ஐடியூன்ஸ் டிபி’ என்ற தனிக் கோப்பு குறித்து வைத்திருக்கிறது. பிளேயர் அந்தப் பேரேட்டை மட்டும்தான் படிக்கும். பேரேட்டில் பதியாத சரக்கு கிடங்கில் இருந்தும் இல்லாததுதான். பேரேட்டை எழுதும் உரிமை ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளுக்கும், அந்த முறையைக் கற்றுக்கொண்ட ரிதம்பாக்ஸ் போன்ற சில இலவச மென்பொருள்களுக்கும் உண்டு. நீ கையால் போட்டது பதியாது.

மருமகன் பாட்டுகள் உள்ளே இருந்தால் முதலில் அவற்றைக் காப்பாற்று. கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்த மியூசிக் ஃபோல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடு. நாலெழுத்துப் பெயர்களைப் பார்த்துப் பதறாதே. பாட்டின் உண்மைப் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் ஒவ்வொரு கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஏதாவதொரு இசை மென்பொருளில் கொட்டினால் பெயர்கள் தாமாக வந்துவிடும். இதைச் செய்யாமல் ஐடியூன்ஸோடு இணைத்தால், ‘இது வேறொரு கணினியின் நூலகத்தோடு இணைந்தது, அழித்துவிட்டு ஏற்றட்டுமா?’ என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. நகல் எடுத்த பிறகு சொல்லலாம். பின்பு சம்மரி பக்கத்தில், இசையையும் படத்தையும் நானே நிர்வகிக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடு. அதற்கப்புறம் நீ போட்டது மட்டும் ஏறும், எடுத்தது மட்டும் போகும்.

இன்னொரு டிக்கை எடுக்க வேண்டும். ஐடியூன்ஸ் அமைப்புகளின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில், சேர்க்கும் பாட்டுகளைத் தன் ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொள்ளும் விருப்பம் இருக்கிறது. அது இருந்தால் ஒரே கச்சேரி இரண்டு இடத்தில் உட்கார்ந்து டிஸ்க்கை அடைக்கும். எது மூலம், எது நகல் என்று உனக்கே குழப்பம் வந்துவிடும்.

இந்த மென்பொருள்களை நம்பிச் சேகரிப்பை ஒப்படைக்காதே என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன், நீ கேட்டதில்லை. ஐடியூன்ஸ் 2001 ஜனவரியில் வந்தது. ஐபாட் அதே ஆண்டு அக்டோபர் 23 அன்றுதான் அறிமுகமானது. மென்பொருள் முந்தி, பெட்டி பிந்தி. அந்த மென்பொருளும் புதிதாகச் செய்ததில்லை, சவுண்ட்ஜாம் என்ற வேறொருவர் நிரலை வாங்கித் திருத்தியது. 2003இல் விண்டோஸுக்கு வந்தது. 2019இல் மேக் கணினியில் அதைப் பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பாட்காஸ்டுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். 2024இல் விண்டோஸிலும் அதே பாகப்பிரிவினை. மைக்ரோசாஃப்டின் சூன் பிளேயர் 2006இல் வந்தது, அதன் சேவை 2015 நவம்பரில் மூடப்பட்டது. உன்னிடம் இருக்கும் ஐபாட் கிளாசிக்கே 2014இல் விற்பனையிலிருந்து போய்விட்டது. நம் வீட்டு மர்ஃபி ரேடியோவின் வயதில் பாதிகூட இவற்றில் ஒன்றுக்கும் இல்லை. ஆகவே மூலக் கோப்புகள் உன் ஹார்ட் டிஸ்க்கில், நீ வைத்த ஃபோல்டர்களில், நீ எழுதிய பெயர்களோடு இருக்கட்டும். மென்பொருள் அங்கிருந்து எடுத்துப் பிளேயரில் ஏற்றட்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது.

பெயர் எழுதுவதில்தான் நேரம் போகும். நான் கடைசியாக ரசித்துச் செய்த வேலையும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எம்பி3 கோப்பில் விவரம் எழுதும் டேக் முதன்முதலில் வந்தபோது அதற்குக் கோப்பின் வாலில் 128 பைட் இடம்தான் ஒதுக்கினார்கள். பாட்டின் தலைப்புக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ், யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் கேட்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். தியாகராஜர் என்று எழுதினால் அந்த 30 பைட்டும் பொருத்தமாக நிரம்பிவிடும். முத்துசுவாமி தீட்சிதருக்கு இடமில்லை! பின்னால் வந்த டேக் முறைகளில் இந்த நெருக்கடி இல்லை, தமிழும் ஒழுங்காகப் பதியும். ஆனாலும் பழைய பிளேயர்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஐபாடுக்குப் போவதை ஆங்கிலத்திலேயே எழுதிவிடு. தோடி ராகத்தின் ஆங்கில எழுத்தில் ‘எச்’ உண்டா இல்லையா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள். இரண்டு விதமாக எழுதினால் இரண்டு தோடியாகப் பிரித்துவிடும்.

டேக்கின் கட்டங்களெல்லாம் மேல்நாட்டு ஆல்பத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஒரு பாடகர், ஒரு ஆல்பம், பத்துப் பாட்டு. நம் சினிமாப் பாட்டை அதில் அப்படியே போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே படத்தின் பாட்டுகள் எஸ். ஜானகி என்று ஓரிடத்தில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று ஓரிடத்தில், இருவரும் சேர்ந்து பாடியது மூன்றாவது இடத்தில், அதையே பெயரை முன்பின் மாற்றி எழுதியிருந்தால் நாலாவது இடத்தில் போய் உட்காரும். ஆல்பம் என்ற கட்டத்தில் படத்தின் பெயரைப் போடு, கம்போசரில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள். மொத்தப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, இது பலர் பாடிய தொகுப்பு என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் படம் உடையாமல் நிற்கும். ஐபாடில் கம்போசர்ஸ் என்றே தனிப் பட்டியல் உண்டு. யார் இசை என்று கேட்டுப் பாட்டுத் தேடும் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வாசல்.

கச்சேரிக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். ஆர்ட்டிஸ்ட், பாடியவர். கம்போசர், கீர்த்தனை இயற்றியவர். ஆல்பம், கச்சேரி நடந்த இடமும் ஆண்டும். ஜானர் என்று ஒரு கட்டம் இருக்கிறது பார், எல்லாரும் அதில் ‘கர்நாடக சங்கீதம்’ என்று எழுதி வைப்பார்கள். உன்னிடம் வேறென்ன இருக்கிறது, ராக் இசையா? அந்தக் கட்டத்தில் ராகத்தின் பெயரைப் போடு. பிறகு ஐபாடில் ஜானர்ஸ் பட்டியலைத் திறந்து பார்: அடாணா, ஆனந்தபைரவி, பைரவி, பிலஹரி என்று ராகங்கள் அகரவரிசையில் வந்து நிற்கும். கல்யாணிக்குள் போனால் உன்னிடம் இருக்கிற கல்யாணி அத்தனையும், யார் பாடியதானாலும். இதைச் செய்து முடித்த அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

ராகம் தானம் பல்லவியை மூன்று தடமாக வெட்டி வைத்திருப்பார்கள். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளைப் போட்டால் பல்லவி முதலில் வரும், ஆலாபனை மூன்று பாட்டு கழித்து வரும், தானம் டெல்லி போன பிறகு வரும். ஒவ்வொன்றின் விவரப் பக்கத்திலும், ஷஃபிளின்போது தவிர்க்கவும் என்ற கட்டம் இருக்கிறது. விட்ட இடத்தை நினைவில் வைக்கவும் என்ற கட்டமும் இருக்கிறது. இரண்டிலும் டிக் போடு. குறுவட்டிலிருந்து புதிதாக எடுக்கிறாய் என்றால் தடங்களை ஒன்றாகச் சேர்த்தே எடுக்கும் வசதி ஐடியூன்ஸில் உண்டு, அதுவே உத்தமம்.

நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத வேண்டியதில்லை. எம்பி3டேக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் எழுதலாம். கோப்பின் பெயரிலிருந்தே ராகத்தையும் பாடகரையும் பிரித்தெடுத்து டேக்கில் போடச் சொல்லலாம். பாட்டின் ஒலியைக் கேட்டே பெயர் கண்டுபிடிக்கும் பிக்கார்ட் என்ற மென்பொருளும் உண்டு. சினிமாப் பாட்டுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. நீ வானொலியிலிருந்து பதிவு செய்த கச்சேரியை அது எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

அந்தக் கேசட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. டேப்ரெக்கார்டரிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. குறுவட்டுத் தரத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 10 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 300 எம்பி. அதைச் சுருக்காமலோ, ஃப்ளாக் முறையில் இழப்பின்றிச் சுருக்கியோ வைத்துக்கொள். ஐபாடுக்கு ஃப்ளாக் புரியாது. அதற்கு மட்டும் 192 கேபிபிஎஸ் (நொடிக்கு அத்தனை கிலோபிட்) எம்பி3 ஒன்று தனியாக எடு. இடம் மிச்சம் என்று 64க்கு இறங்காதே. தம்பூரா கலங்கிப் போகும், மிருதங்கத்தின் சாப்பு மழுங்கிவிடும். 128இல் இருப்பதை 320 ஆக மாற்றினால் தரம் ஏறும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கோப்பு பெருக்கும், போன ஒலி திரும்பாது. அவர் சொன்ன சித்த மருந்தையும் யோசித்துச் சாப்பிடு.

படங்களுக்கு வருகிறேன். ஐபாடின் திரை இரண்டரை அங்குலம், 320க்கு 240 புள்ளி. ஏவிஐ, எம்கேவி, டிவிடி கோப்பு எதையும் அது தொடாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 எம்பி4 ஆக மாற்ற வேண்டும். அகலம் 640க்கு மேல் போகக் கூடாது, புரொஃபைல் பேஸ்லைன், ஒலி ஸ்டீரியோ ஏஏசி. ‘ஐபாட் 5ஜி சப்போர்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதிலும் டிக். உன் பீரோவில் இருக்கும் பழைய வீடியோ சிடிகள் 352க்கு 288 புள்ளி. பெரிய டிவியில் போட்டால் முகம் முகமாகத் தெரியாது. இந்தச் சின்னத் திரையில் கச்சிதமாக இருக்கும். வட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் பெரிய கோப்பாக இருப்பதுதான் படம். இரண்டரை மணி நேரப் படம் மாற்றிய பிறகு ஏறத்தாழ 700 எம்பி வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனாலும் படத்துக்கு ஐபாட் வேண்டாம் என்பதே என் கட்சி. 2009இல் வந்த 160 ஜிபி மாடல் புதிதாக இருந்தபோதே படம் ஓட்டினால் பேட்டரி 6 மணி நேரம் என்றுதான் சொன்னார்கள். இத்தனை வருடம் கிடந்த பேட்டரி ஒரு படத்தின் இடைவேளைக்குத் தாங்கினால் அதிர்ஷ்டம். தங்கச்சியின் டேப்லெட்டில் விஎல்சி என்ற இலவசப் பிளேயரைப் போட்டு, மெமரி கார்டில் படங்களை அப்படியே நகலெடுத்துக்கொள். எதையும் மாற்ற வேண்டியதில்லை, இருவரும் சேர்ந்து பார்க்கலாம். கார்டு எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள். பாட்டெல்லாம் இப்போது இணையத்திலேயே ஓடுகிறதே, இத்தனை பாடு எதற்கு என்று என் மகன் கேட்கிறான். ரயில் இடார்சி தாண்டி சிக்னல் போனதும் அவனைக் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன்.

நம் பழைய மேனேஜரைப் பெரிய கடைத்தெருவில் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டார், கைத்தடிகூட இல்லை. உன்னைத்தான் முதலில் விசாரித்தார். கணக்கு டாலியாகாத அன்றைக்கெல்லாம் நீ முணுமுணுத்த பைரவி இன்னும் அவர் காதில் இருக்கிறதாம்.

டெல்லியிலிருந்து திரும்பியதும் அந்தக் கேசட் பெட்டியோடு இங்கே வா. என் டேப்ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. கூரியரில் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய், அந்த வேலை வேண்டாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வா. உறையில் பெயர் எழுதாத கேசட்டுகளையும் சேர்த்து எடுத்து வா. யார் பாடியது என்று உட்கார்ந்து சண்டை போடலாம்.

உன்
மூர்த்தி