கடவுள் வாதங்களைக் கணினியில் ஏற்றிப் பார்க்கலாமே!

பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தர்க்கவியல் தாள் ஒரு பக்கம், இடைக்காலக் கிறித்தவ அறிஞர் அன்செல்ம், நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் உதயனர் என்று கடவுள் வாதங்களைச் சொல்லித்தரும் சமயத் தத்துவத் தாள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கணினியில் ஒரு செய்முறை வகுப்பு வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அதனால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தர்க்கவியலாளர் குர்ட் கோடெலைப் பாருங்கள். கடவுள் இருப்புக்கு அவர் எழுதிய நிரூபணத்தின் கைப்பிரதி 1970ஆம் ஆண்டினது. இன்னொரு தர்க்கவியலாளரான டானா ஸ்காட் அதைச் சற்றுத் திருத்தி எழுதினார். 2013இல் பென்ஸ்முல்லர், வோல்ட்சன்லோகல் பாலியோ என்ற இரு ஆய்வாளர்கள் அதை, ஒவ்வொரு படியையும் மென்பொருள் சரிபார்க்கும்படி, கணினியில் ஏற்றினார்கள். ஸ்காட்டின் வடிவம் தேறியது. 'கணினி கடவுளை நிரூபித்துவிட்டது' என்று செய்தி பரவியது. அது கிடக்கட்டும். கோடெலின் மூல வடிவத்திலேயே முரண்பாடு இருப்பதை லியோ-2 என்ற நிரூபண மென்பொருள் கண்டுபிடித்ததுதான் பெரிய சேதி.

கோளாறு 'சாரம்' என்பதன் வரையறையில். ஒரு பொருளின் சாரமான பண்பு, அதன் மற்ற எல்லாப் பண்புகளையும் தன்னோடு இழுத்து வர வேண்டும். சரி, ஆனால் அந்தப் பண்பு அந்தப் பொருளிடமே இருக்க வேண்டாமா? கோடெல் அதை எழுதவில்லை, ஸ்காட் எழுதினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், எதற்குமே பொருந்தாத வெற்றுப் பண்பும் எல்லாப் பொருளுக்கும் சாரமாகிவிடும். சாரம் உள்ள பொருள் ஒன்று கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற அடுத்த படியில் எல்லாம் சரிந்துவிடுகிறது. மனிதக் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும்.

ஸ்காட்டின் வடிவத்திலும் ஒரு தொல்லை உண்டு: நடப்பதெல்லாம் நடந்தே தீர வேண்டியது என்று ஆகிவிடும். 1987இல் தத்துவ அறிஞர் சோபல் சொன்ன இதைக் கணினியும் உறுதி செய்தது.

அடிகோள்களை, அதாவது நிரூபிக்காமலே எடுத்துக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகளை, ஏற்கலாமா என்று மட்டும் கணினி சொல்லாது. அது மாணவர் வேலை. குடத்துக்குக் குயவன்போல உலகுக்கும் கர்த்தா உண்டு என்ற நியாய மரபின் வாதத்தைக் கணினியில் எழுதச் சொல்லுங்கள். 'எல்லாக் காரியத்துக்கும் (உண்டாக்கப்பட்ட எதற்கும்) கர்த்தா உண்டு' என்று தட்டச்சு செய்யும்போதே வகுப்பில் சண்டை மூளும். மூளட்டும்.

செலவும் பெரிதில்லை. நிரூபணங்களைச் சரிபார்க்கும் இசபெல் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். கணினித் துறையிலிருந்து ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் அடுத்த பருவத்திலேயே விருப்பப்பாடமாகத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தர்க்கம் படித்த ஒருவர்