மூன்று முறை சர்வீஸுக்கு விட்டும் காருக்குள் தண்ணீர்: சன்ரூஃப், முன்கண்ணாடிக் கசிவு பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கசிவின் காரணத்தைப் பார்க்காமல் செய்த வேலையால் காருக்கு ஏற்பட்ட சேதம், அதைச் சரிசெய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மழை பெய்தால் என் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் கீழே தண்ணீர் தேங்குகிறது. இந்த ஒரே புகாருக்காக உங்கள் சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காரை விட்டு எடுத்தேன். மூன்று ஜாப் கார்டிலும் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. நான்காவது மழையில் என் அம்மா காரில் ஏறிக் காலை வைத்ததும் செருப்போடு பாதம் நனைந்தது. கார்பெட்டில் கை முஷ்டியை வைத்து அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் பொங்கி வந்தது. அன்றைக்குத்தான் இனி நானே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என்ன பார்த்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

முதல் முறை வந்தபோது உங்கள் சர்வீஸ் அட்வைசர், "ஏ.சி. தண்ணீர்தான் சார், டிரெயின் அடைத்திருக்கும்" என்றார். ஏ.சி. தண்ணீரை வெளியே விடும் அந்த டிரெயின் குழாய் அடைத்தால் அந்த இடத்தில் தண்ணீர் வரும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏ.சி. ஓடுகிற நாளில் வரும். என் காரில் தண்ணீர் வந்தது மழை நாளில், அதுவும் கார் ஓடாமல் நின்றுகொண்டிருந்தபோது. இதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதை எழுதும் கட்டத்தில் 'கார்பெட் ஈரம்' என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. மழை என்ற சொல் அதில் இல்லவே இல்லை.

இரண்டாம் முறை, கூரையில் திறந்து மூடும் கண்ணாடியான சன்ரூஃப்தான் காரணம் என்று சொல்லி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் முழுக்க சிலிக்கான் தடவினார்கள். அப்புறம் டிரெயின் குழாயில் கம்ப்ரஸர் காற்று அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் முன்பைவிட அதிகமாக வந்தது. மூன்றாம் முறை, "கசிவு எதுவும் இல்லை, நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஷாம்பு போட்டுக் கழுவித் தந்தார்கள். அன்றைக்கு ஒன்று நடந்தது. வண்டியைப் பார்த்த இளம் மெக்கானிக், "ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாமா சார்?" என்று அட்வைசரிடம் கேட்டார். "டைம் இல்லை, டெலிவரி கொடுக்கணும்" என்று பதில் வந்தது. உங்கள் கூடத்தில் சரியான கேள்வியைக் கேட்டவர் அந்தப் பையன் ஒருவர்தான். இந்தப் புகாரால் அவருக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் கேட்டதைத்தான், பல வருட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கின் துணையோடு நான் செய்தேன். சன்ரூஃபைத் திறந்ததும் அவர் முதலில் காட்டியது ரப்பரை இல்லை, அதற்கு உள்ளே கண்ணாடியைச் சுற்றி ஓடும் வாய்க்காலை. ரப்பர் பெரும்பாலான தண்ணீரைத்தான் தடுக்கும். மீறி வருவதை அந்த வாய்க்கால் வாங்கிக்கொண்டு, நான்கு மூலையில் உள்ள குழாய்கள் வழியாக வண்டிக்கு வெளியே விட்டுவிடும். எங்கள் காரில் முன்பக்கத்து இரண்டும் முன்கண்ணாடியின் ஓரத்தூணுக்குள் இறங்குகின்றன, பின்பக்கத்து இரண்டும் பின்தூணுக்குள் இறங்குகின்றன. அதாவது சன்ரூஃபுக்குள் தண்ணீர் வருவது பழுதே இல்லை. வந்த தண்ணீர் வெளியே போகாததுதான் பழுது. இதைப் புரிந்துகொண்டவர் யாரும் ரப்பரில் சிலிக்கானைத் தடவமாட்டார்.

ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஒவ்வொரு மூலையிலும் ஊற்றினோம். பின்பக்கம் இரண்டிலும் ஊற்றிய சில நொடிகளில் பின்சக்கரத்தின் பக்கம் தரையில் தண்ணீர் கொட்டியது. ஓட்டுநர் பக்கத்து முன்மூலையும் அப்படித்தான். நான்காவது மூலையிலும் தண்ணீர் மளமளவென்று இறங்கியது, ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயர் கட்டின் வழியாக ஊர்ந்து வந்து, கார்பெட்டின் மேல் ஓரத்தில் சொட்ட ஆரம்பித்தது.

ஓரத்தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் இருப்பதால், மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மூடியை எடுத்தார். உள்ளே குழாய், மேலே வாய்க்காலோடு சேரும் முனையிலிருந்து கழன்று, ஒரு விரல் அளவு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. குழாயின் அடிமுனையில் உள்ள ரப்பர் வால்வுக்குள் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருந்தது. ஆக முதலில் இருந்தது வெறும் அடைப்பு. நீங்கள் கீழே அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் மேலிருந்து காற்றை அடித்தீர்கள். போக வழியில்லாத காற்று குழாயை அந்த மேல்முனையிலிருந்து பிடுங்கித் தள்ளிவிட்டது. அதுவரை வாய்க்கால் நிரம்பி வழிந்த தண்ணீர் மட்டும்தான் உள்ளே வந்தது; அதன் பிறகு அந்த மூலைக்கு வந்த தண்ணீர் முழுவதும் நேராக உள்ளே இறங்கியது. அந்த வால்வை விரலால் பிசைந்து சுத்தம் செய்து, மெல்லிய நைலான் கம்பியைப் பதமாக உள்ளே விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. ஓட்டுநர் பக்கம் கூரைத் துணியின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அந்தப் பக்கத்துக் குழாய் நன்றாக இருக்கும்போது கறை எப்படி வரும்? சன்ரூஃபை முழுக்க பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டிவிட்டு, முன்கண்ணாடியில் மட்டும் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டோம். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, பிறகுதான் மேலே போனோம். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. ஓட்டுநர் பக்கத்து மேல்மூலைக்கு வந்து ஏழாவது நிமிடத்தில் உள்ளே ஒரு சொட்டு வந்தது.

உறுதிசெய்ய இன்னொன்றும் செய்தோம். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே கண்ணாடியின் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினோம். அந்த மூலையில் நான்கு விரல் நீளத்துக்குக் குமிழ் குமிழாகக் கிளம்பியது. வேறு எங்கும் வரவில்லை. அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடியைப் பத்து மாதத்துக்கு முன் மாற்றியது உங்கள் சென்டர்தான். கல் பட்டு விரிசல் விட்டதால் மாற்றினீர்கள். காலையில் வண்டியை விட்டேன், மாலையில் எடுத்தேன். எத்தனை மணி நேரம் பசை காய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இது வெறும் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. முன்கண்ணாடியை வண்டியோடு பிடித்திருப்பது யூரித்தேன் பசை மட்டும்தான். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது அதில்தான் மோதி நிற்கும். அந்த சீட்டில்தான் என் அம்மா உட்காருகிறார். காற்று நுழையும் அளவுக்குப் பசை பிடிக்காத ஒரு கண்ணாடியின் பின்னால் அவரை இத்தனை நாள் உட்காரவைத்திருக்கிறேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார்பெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது. தூக்கிப் பார்த்தால் அடியில் உள்ள ஃபோம் ஊறிப்போய், ஈரப் பஞ்சு மாதிரி கனக்கிறது, பூஞ்சை வாடை குமட்டுகிறது. சீட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர்களில் ஒன்றின் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. யாரும் உட்காராத சீட்டுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஈரத்தின் மேல்தான் நீங்கள் ஷாம்புத் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவைதான். கழன்ற குழாயைச் சரியாகப் பொருத்தி, நான்கு குழாயையும் வால்வோடு சுத்தம் செய்து தர வேண்டும். பீடிங்கில் தடவிய சிலிக்கானை முழுதாக எடுத்து, பீடிங் கெட்டிருந்தால் மாற்ற வேண்டும். முன்கண்ணாடியை வெளியே எடுத்து, விளிம்புத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைச் சரிசெய்து, பிரைமர் அடித்துப் புதிய பசையில் பொருத்த வேண்டும். அந்த மூலையில் வெளியே சிலிக்கானைப் பூசி அனுப்பும் வேலை தயவுசெய்து வேண்டாம். சிலிக்கான் பட்ட இடத்தில் யூரித்தேன் பிறகு ஒழுங்காக ஒட்டாது, அடுத்து வேலை செய்பவருக்கும் அது இரட்டிப்பு வேலை. பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதிக் கொடுங்கள், அவ்வளவு நேரமும் வண்டி உங்களிடமே நிற்கட்டும், எனக்கு அவசரம் இல்லை. சீட்டுகளைக் கழற்றி கார்பெட்டை வெளியே எடுத்து, ஃபோமைக் காயவைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். களிம்பு ஏறிய கனெக்டரையும் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் என்னிடம் பணம் வாங்கக்கூடாது. கடந்த மூன்று முறை வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. வண்டியைத் திரும்பத் தரும் அன்று, கூரைத் துணியும் தூண் மூடிகளும் பொருத்துவதற்கு முன், நான் பக்கத்தில் நிற்க, நான்கு மூலையிலும் முன்கண்ணாடியிலும் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிகிற நாளாகப் பார்த்து, இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: மூன்று ஜாப் கார்டுகள், கண்ணாடி மாற்றிய ரசீது ஆகியவற்றின் நகல்கள், கழன்ற குழாய், கனெக்டர் படங்கள், சோப்புத் தண்ணீர்ச் சோதனை வீடியோ.